டாக்டர் முன்னால் விழுந்த இமை

கர்த்தர் என் கோபத்தையும் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன வருஷம் லெந்து என்ற தவக்கால நாட்களில் எனக்குச் சாயங்காலமானால் இமை இரண்டும் விழும். பேச்சு மூக்கால் வரும். சோறு தொண்டையில் இறங்காது. புரையேறி மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து பட்டினியாய்ப் படுப்பேன். விடிந்தால் எல்லாம் சரியாகிவிடும். டாக்டர்கள் பார்ப்பதோ காலையில். நல்லாத்தானே இருக்கிய என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள்.

சபையில் அதைவிட மோசம். மாலை ஆராதனையில் நான் தூங்குகிறேன் என்று பேச்சு. என் வீட்டுக்காரரின் அக்காதான் எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. அந்த மைனி சாயங்காலம் எனக்காக ஜெபிப்பார். மறுநாள் காலை என் கண்ணைப் பார்த்துவிட்டு, சுகம் கிடைத்தது என்று அம்பாசமுத்திரம் முழுக்கச் சொல்லிவிடுவார். சுகமாகவில்லை என்று நான் சொன்னால் விசுவாசம் இல்லாதவள் என்பார். இப்படி எத்தனை முறை சுகமானேன் என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் அடுக்களையில் நின்று அழுதேன். "ஆண்டவரே, சுகம் தராட்டாலும் போவுது. டாக்டர் முன்னால ஒரு தடவை இந்த இமை விழட்டும்."

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் பாளையங்கோட்டைக்கு நரம்பு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம். மைனியும் ஐக்கியத்துப் பெண்களும் வேனில் ஏறிக்கொண்டார்கள். ஏறியதிலிருந்து பாட்டு. எடுத்த பாட்டைக் கடைசிச் சரணம்வரை விடமாட்டார்கள். நான் நிறுத்தினால் மைனி முழங்கையால் இடித்தார்.

"பாட்டு படிளா, தொண்டை தானா தொறக்கும்."

சேரன்மகாதேவி தாண்டுமுன்னே என் குரல் போயிற்று. வேனிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது.

டாக்டர் என் பெயரைக் கேட்டார். மூக்கால் சொன்னேன். இமைகள் இறங்கிவிட்டன. அவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டு, வரும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"வழி முழுக்கப் பாட்டு படிச்சோம் அய்யா" என்றார் மைனி.

பரிசோதனைகளில் மயஸ்தீனியா என்று தெரிந்தது. நரம்பு தசைக்குச் செய்தி சொல்லும் இடத்தை உடம்பின் காவல் சக்தியே தாக்குகிறதாம். வேலை செய்யச் செய்யத் தசை ஓயும், ஓய்வெடுத்தால் தேறும். மாத்திரை தொடங்கிய பிறகு சோறு இறங்கியது. தட்டைப் பார்த்து அழுதேன்.

அங்கே ஓர் ஆராய்ச்சிக்கும் ரத்தம் கேட்டார்கள். செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று மிகச் சிறிய துணுக்குகள் உண்டாம். எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்பதை அவை கட்டுப்படுத்துமாம். இந்த நோய்க்காரர்களின் ரத்தத்தில் அவற்றில் சில கூடியோ குறைந்தோ இருக்கின்றனவாம். அதை வைத்து நோயை உறுதி செய்யும் காலம் இன்னும் வரவில்லை என்றார் டாக்டர். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. காலையில் இமை காட்டாமல் மறைக்கும் நோயை ரத்தம் சொல்லுமென்றால் சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று கையை நீட்டினேன். இன்னொருத்தி இதற்காக வேனில் பாட வேண்டாம்.

தன் பாட்டால்தான் எல்லாம் நடந்தது என்கிறார் மைனி. மறுக்கவும் முடியவில்லை.

நோய் போகவில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன். அன்பானவர்களே, ஜெபிக்க நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எரிச்சலாயிருந்தால் எரிச்சலோடே ஆண்டவரிடம் போங்கள், பிறகு டாக்டரிடமும் போங்கள். நான் போனேன். இப்போது ராத்திரியில் சோறு சாப்பிடுகிறேன்.