மூன்று சமையல் தூரம்

எட்டு வருஷம் இருக்கும். அப்போது நான் நாக்பூர் பக்கம் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தேன். நாமகிரிப்பேட்டை பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

வெள்ளிக்கிழமை மதியம்தான் லீவு கிடைத்தது. ரயிலில் கால் வைக்க இடமில்லை. பைபாஸில் போய் நின்றேன். டிஎன் 28 என்று ஒரு லாரி வந்ததும் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். வெளி மாநிலத்தில் நாமக்கல் நம்பரைப் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. அவரும் நிறுத்தினார்.

போனில் மேப்பைப் பார்த்து, "நாளைக்குச் சாயங்காலமே போயிரலாம்ங்களா?" என்றேன்.

டிரைவர் சிரித்தார். "உங்க போனு லோடு இல்லாம ஓடுதுங்க தம்பி. நம்ம வண்டிக்கு ஊருக்கு மூணு சமையலு, ரெண்டு குளியலு."

முதல் சமையல் ஆதிலாபாத் தாண்டி ஒரு புளியமரத்தடியில். ஸ்டவ்வை இறக்கி வைத்து ஆற அமர வெங்காயம் நறுக்கினார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் அந்தத் தக்காளி ரசம் இன்னும் நாக்கிலேயே இருக்கிறது. இரண்டாவது, அனந்தப்பூர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில், குளித்த கையோடு.

ஞாயிறு விடியும்போது கிருஷ்ணகிரி. மூன்றாவது சமையலுக்கு வழக்கமாக அங்கேதான் நிறுத்துவாராம். அன்று நிறுத்தவில்லை. "இதை உங்க மருமவன் விருந்துல வெச்சுக்கலாமுங்க" என்று ஒரு டீயோடு ஓட்டினார். அப்படியும் தொப்பூர் இறக்கத்தில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. நல்ல நேரம் அங்கேயே முடிந்துபோனது. அழுகை வந்துவிட்டது எனக்கு. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

ராசிபுரம் பிரிவில் அக்கா வீட்டுக்காரர் பைக்கோடு நின்றார். சாப்பிட வரச்சொல்லி டிரைவரை எவ்வளவோ கூப்பிட்டோம். "லோடு இறக்கோணுமுங்க. நீங்க ஓடுங்க சாமி, பையன் காத்துட்டு இருப்பான்" என்று கிளம்பிவிட்டார்.

கோயிலில் ஒரு பந்தியே முடிந்திருந்தது. வேறு மாமன் முறைக்காரர் மடியில் வைக்கலாம் என்று ஆளாளுக்குச் சொல்லியும் அக்கா பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லையாம். என்னைப் பார்த்ததும், "நேரம் போனாப் போகட்டும், எந்தம்பி வந்துட்டான்" என்று பிள்ளையை என் மடியில் வைத்தாள். மருமகனைவிட மாமன்தான் அதிகம் அழுதான் என்று இன்றும் வீட்டில் கேலி செய்கிறார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா என் பக்கத்தில் இன்னொரு இலை போட்டாள். "உன்னையக் கூட்டியாந்தவரு எங்கடா?" என்றாள். ராத்திரியிலிருந்து அவர் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாக்பூர் எவ்வளவு தூரம் என்று மருமகன் கேட்டால், மூணு சமையல் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். அதில் இரண்டை அவர் எனக்குப் போட்டார். மூன்றாவதை அவருக்குப் போடத்தான், எதிரே வரும் ஒவ்வொரு லாரியிலும் அந்த முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.