பொருத்தம் கேட்டு அறுத்தவர்

காசிம் காக்கா மௌத்தான சாவுச் செய்தி வந்தபோது நான் கல்முனையில் கொழும்பு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். செய்தியைக் காணாதவன் போலப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் இறங்கினேன். அவரைத் தெரிந்த உங்களிடம் இதை மறைக்க எனக்கு முகமில்லை.

கல்முனைக்குடியில் இறைச்சி விற்றவர்கள் பலர். ஆட்டிறைச்சியை உறையவைத்து மாலைதீவுக்குக் கப்பலேற்றியவர் நானறிய இவர் ஒருவர்தான். வயல் செய்யும் கமக்காரர்களிடம் ஆடு வாங்குவார். கத்தியை எடுக்க முன் சொந்தக்காரனை எதிரே நிறுத்தி, "பொருத்தமா?" என்று கேட்பார். அவன் மனமொப்பி "பொருத்தம்" என்றால்தான் பிஸ்மி சொல்லி அறுப்பார். ஒருமுறை தம்பிலுவில் ஊர்ச் சிவலிங்கம் பதில் சொல்லக் கொஞ்சம் சுணங்கினான். "கொண்டு போங்க தம்பி, உங்கட மனசு இன்னும் கயித்தப் புடிச்சிட்டு நிக்குது" என்று ஆட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வியாபாரம் தெரியாத மனுசன் என்று நாங்கள் சிரித்தோம்.

கொழும்புத் துறைமுகத்தில் என் வேலை, குளிர்க் கொள்கலன்களுக்கு மின்சாரம் கொடுப்பது. வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று மத்தியானம்தான் காக்காவின் கொள்கலன் உள்ளே வந்தது. பிளக்கைக் கையில் எடுத்துவிட்டேன். சங்கத்து ஆள் விசில் ஊதினான். கீழே போட்டுவிட்டு வெளியே வந்தேன். எங்கள் கோரிக்கை நியாயமானது, அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

பின்னேரம் காக்கா அழைத்தார். "கப்பல் எப்ப போனாலும் பரவாயில்ல தம்பி, கரண்ட மட்டும் குடுங்க. சிவலிங்கத்திட முழு மந்தையும் அதுக்குள்ளதான் கிடக்கு. இது போய்ச் சேந்து காசு வந்தாத்தான் அந்தாள் இந்தப் போகம் விதைக்கலாம்."

"ஏலா காக்கா. ஒண்டுக்குக் குடுத்தா எல்லாத்துக்கும் குடுக்கணும்."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். திட்டியிருக்கலாம். அந்த மனுசனுக்கு அதுகூடத் தெரியாது.

ஐந்தாம் நாள் நாங்கள் வென்றோம். வெடி கொளுத்தினோம். கொள்கலனைத் திறந்தபோது பக்கத்தில் நின்றவன் வாந்தியெடுத்தான். முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். காக்கா கொழும்புக்கு வந்து குழியோரம் நின்றார். "அறுத்த உயிர் ஒரு வயித்துக்கும் போகல்ல தம்பி. நான் பொருத்தம் கேட்டதெல்லாம் பொய்யாப் போச்சு" என்றார். அதன் பிறகு அவர் கத்தியைத் தொடவில்லை.

காணியை விற்றும் எல்லோருக்கும் அவரால் கொடுத்து முடிக்க இயலவில்லை. சிவலிங்கத்தின் வயல் அந்தப் போகம் தரிசாகக் கிடந்தது. இப்போது அவன் அடுத்தவன் வயலில் கூலி. நான் லீவில் ஊர் வந்தால் காக்காவின் தெருவைத் தவிர்த்துக் கடற்கரையால் சுற்றிப் போவேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மகன் எழுந்து, நம் வழக்கப்படி, "வாப்பா ஆருக்கும் ஏதும் குறை வெச்சிருந்தா மன்னிச்சுப் பொருந்திக்கொள்ளுங்க" என்றான். "பொருந்திட்டம்" என்றார்கள் எல்லோரும். பள்ளி வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்ற சிவலிங்கம், "பொருத்தம் காக்கா" என்று சத்தமாகச் சொன்னான். இந்த முறை அவன் சுணங்கவில்லை.

என் வாயும் சொன்னது. எனக்கு என்ன குறை வைத்தார் அவர்? கேட்க வேண்டியவன் நான். பதில் சொல்ல வேண்டியவர் கபன் துணிக்குள் கிடந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். இன்றும் பிளக்கைச் செருக முன் கொள்கலனைப் பார்த்து "பொருத்தமா?" என்று கேட்கிறேன். மோட்டார் இரையத் தொடங்கும். அது பதில் இல்லை.