‘ஆம்’ என்று எழுதச் சொன்ன ஹோவிதா அத்தை

ஹோவிதா அத்தை அமெரிக்கக் குடியுரிமை கேட்டது எலிசேயோ என்ற ஒரே ஆளைத் தோற்கடிக்கத்தான். இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

இருபது வருஷமாக நிரந்தரக் குடியிருப்பு அட்டையே அவளுக்குப் போதுமாக இருந்தது. இரண்டாவது தடவையாக அதைப் புதுப்பிக்கத்தான் மார்ச் மாதம் என்னைக் கூப்பிட்டாள். நான் மடிக்கணினியைத் திறப்பதற்குள் ஒரு தேர்தல் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். திராட்சைத் தோட்டத்தில் எங்களுக்கு மேஸ்திரியாக இருந்த எலிசேயோ அதில் சிரித்துக்கொண்டிருந்தார். நவம்பரில் நகரசபைக்கு நிற்கிறாராம்.

“இவனுக்கு எதிரா ஓட்டுப் போடணும்னா எந்த ஃபாரம்?” என்று கேட்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முன், ஆகஸ்ட் வெயிலில், வரிசைகளுக்கு நடுவே காகிதம் விரித்துத் திராட்சையைக் காயப்போடும் வேலையில் அத்தையும் அவளுடைய தோழி ருஃபீனாவும் இருந்தார்கள். ருஃபீனா மயங்கி விழுந்தாள். நடிக்கிறாள் என்றார் எலிசேயோ. தண்ணீர் வண்டி அன்று வரவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அவளை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். பிறகு அத்தையிடம் வந்து, அடுத்த வருஷம் அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறதே, அரசாங்கத்தோடு வம்பு வைத்தால் தருவார்களா என்று கேட்டுவிட்டுப் போனார். தொழிலாளர் ஆய்வாளர் வந்தபோது, ருஃபீனா காலையிலேயே காய்ச்சலோடுதான் வந்தாள், தண்ணீர் இருந்தது என்று அத்தை சொன்னாள். அவளுக்கு மெக்சிகோவில் எங்கள் ஊரில் பேசும் மிஸ்தெக் மொழிதான் சரளம். ஆய்வாளருக்கு அது தெரியாது. மொழிபெயர்த்தது நான்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

ருஃபீனாவின் சிறுநீரகங்கள் போய்விட்டன. நான்கு வருஷம் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு கிடந்து செத்தாள். அட்டையை அப்படியெல்லாம் பறிக்க முடியாது என்பது அத்தைக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது.

குடியுரிமை விண்ணப்பத்தைத் தேவாலய மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் நிரப்பினோம். எங்கள் வீடுகளில் கடிதங்களைப் படித்துச் சொல்வது பிள்ளைகளின் வேலை. ஒன்பது வயதிலிருந்து செய்கிறேன். முழுவதும் படிப்பதில்லை, பெரியவர்களுக்கு எது தேவையோ அதைச் சுருக்கிச் சொல்வேன். பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நீங்கள் பயங்கரவாதியா, கள்ளக்கடத்தல் செய்தீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டே போனேன்.

“நான் இன்னும் வாயே திறக்கல. அதுக்குள்ள எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லிட்டேன்?” என்றாள் அத்தை.

முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். பாதியில் அந்தக் கேள்வி வந்தது: அரசாங்க அதிகாரியிடம் எப்போதாவது பொய்யான தகவல் கொடுத்திருக்கிறீர்களா? அத்தை என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

முகாமிலிருந்த வக்கீல் பொறுமையாக விளக்கினார். கேள்வி மத்திய அரசு அதிகாரிகளைப் பற்றியது, அன்று வந்தவர் மாநில அதிகாரி, விஷயமும் பழையது. ‘இல்லை’ என்றே போடலாம், தப்பில்லை. ‘ஆம்’ என்றால் விசாரணை நீளும், நவம்பருக்குள் முடியாமல் போகலாம். ஓட்டுக்காகத்தானே இவ்வளவும், ‘இல்லை’ என்றே இருக்கட்டும் என்று நானும் சொன்னேன்.

“அவனுக்காக ஒரு தடவை பொய் சொன்னது போதும். ‘ஆம்’னு போடு. கீழ அவன் பேரை எழுது, முழுப் பேரும். அரசாங்கத்து ஃபைல்ல அவன் பேரு கிடக்கணும்.”

“ஓட்டுப் போட முடியாமப் போயிடும், அத்தை.”

“எழுதுடி.”

எழுதினேன். தண்ணீர் வண்டி, வேன், வீட்டு வாசல், எல்லாம். மொழிபெயர்த்தது யார் என்பதையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். குழந்தையை எதற்கு இழுக்கிறாய் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. நியாயத்துக்காகத்தான் இதெல்லாம் என்றால் நான் ஏன் விட்டேன் என்பதற்கு இன்றுவரை சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நேர்காணல் செப்டம்பரில் நடந்தது. ஐம்பது வயது தாண்டி இருபது வருஷம் அட்டை வைத்திருந்ததால் அத்தை தன் மொழியிலேயே பதில் சொல்லலாம். இந்த முறையும் மொழிபெயர்ப்பு நான்தான். ஒரு வார்த்தையையும் சுருக்கவில்லை. அதிகாரி குறித்துக்கொண்டார். எலிசேயோவின் பெயரை எப்படி எழுதுவது என்று இரண்டு தடவை கேட்டார். அந்த நேரத்தில் அத்தையின் முகத்தில் நான் பார்த்தது சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்ல முடியாது. முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

நவம்பர் வந்தது, தபால் வரவில்லை. எலிசேயோ முப்பத்தோரு ஓட்டில் தோற்றார். தோட்டத்துப் பெண்கள் அத்தைக்கு விருந்துக்குச் செய்யும் மோலே குழம்பு சமைத்து எடுத்துவந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை.

“யாரோ தோக்கடிச்சிட்டாங்க. நான் எங்க இருந்தேன்?” என்றாள் என்னிடம்.

ஜனவரியில் குடியுரிமை உறுதிமொழிக்கு அழைப்பு வந்தது. அரங்கில் பலர் அழுதார்கள். கையில் சின்னக் கொடியுடன் அத்தை கல் மாதிரி நின்றாள். இவ்வளவு வன்மத்தோடு ஒரு நாட்டுக்கு உறுதி கொடுக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. ருஃபீனாவைப் பற்றி அந்த அரங்கில் நினைத்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதும் கூடவே தோன்றியது. வாசலிலேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

ஊர் திரும்பும் வழியில் ரொட்டிக்கடையில் நிறுத்தச் சொன்னாள். எலிசேயோவின் வண்டி அங்கே நிற்பதை அவள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே அவர் தட்டும் இடுக்கியுமாக இனிப்பு ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை நேராக அவர் முன்னால் போய் நின்றாள். ஐயா என்பதுபோல ‘தோன்’ போட்டே கூப்பிட்டாள்.

“தோன் எலிசேயோ, அடுத்த தடவையும் நீங்க நிக்கணும்.”

அவர் சிரித்தார். உடம்பு ஒத்துழைத்தால் பார்க்கலாம், உங்களைப் போன்றவர்களின் அன்புதான் வேண்டும் என்றார்.

“அன்பு இல்ல. ருஃபீனாவை நீங்க வாசல்ல போட்டுட்டுப் போனதை எழுதிக் கொடுத்திருக்கேன். எனக்கு இன்னைக்கு ஓட்டு வந்திருக்கு. உங்களுக்கு எதிராப் போடாம அது வீணாப் போகக் கூடாது. நில்லுங்க. நான் காத்திருக்கேன்.”

பழசையெல்லாம் எதற்கு என்று அவர் முனகினார். பிறகு, எடுத்த ரொட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அலமாரியில் அடுக்கத் தொடங்கினார். தொட்டதைத் திருப்பி வைக்கக் கூடாது என்று கடைக்காரம்மாள் அதட்டினாள். தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். அத்தை வழியை விடவில்லை. அவர்தான் பக்கவாட்டில் திரும்பி, அலமாரியோடு ஒட்டி வெளியே போனார்.