மூக்கு லாரிக்கு எந்த முன் ஆக்ஸில்?

கேஸ் கட்டரில் பழைய பெயிண்ட் வேகும் வாசனை தெரியுமா? ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் சாம்பாரில்கூட அதுதான் மணக்கும். 2004 வாக்கில் சில மாதங்கள் எனக்குச் சோறு அப்படித்தான் இறங்கியது...

அப்போது தேனியில், போடி ரோட்டில், எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. என் மனைவி வசந்தாவின் அண்ணன் முருகேசன் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். ஒருநாள் டிராக்டரில் கட்டி இழுத்துவந்து பட்டறை வாசலில் ஒரு மூக்கு லாரியை நிறுத்தினார். இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து மாடல்.

என் மாமனார் வாலிபத்தில் வாங்கிய வண்டி. போடிமெட்டுக்கு அரிசி ஏற்றிப் போய், ஏலக்காயோடு இறங்கிய வண்டி. பல வருஷம் தென்னந்தோப்பில் நின்று டயரெல்லாம் மக்கிப்போயிருந்தது.

மச்சானின் திட்டம் ஒன்றே ஒன்றுதான்.

"மாப்ளே, அப்பா இத ஒருக்கா மெட்டு வரைக்கும் ஓட்டணும். அம்புட்டுத்தேன்."

"மாமாகிட்ட சொல்லியாச்சா?"

"மூச்சு விட்டுறாதீக. எல்லாத்தையும் முடிச்சுட்டு சாவிய அவுக கையில குடுக்குறோம்."

டீசல் இன்ஜின் ஒன்று சுலபமாகக் கிடைத்தது. தகராறெல்லாம் முன் சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலில்தான்.

பழைய ஆக்ஸில் நல்ல இரும்பு. கிங்பின்னும் புஷ்ஷும் மாற்றினால் ஓடும். ஆனால் ஸ்டீயரிங் கல் மாதிரி... மெதுவாகப் போகும்போது திருப்ப, சீட்டிலிருந்து எழும்பி இழுக்க வேண்டும். உத்தமபாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், புது மாடல் லாரியின் ஆக்ஸில் பவர் ஸ்டீயரிங்கோடு கிடந்தது. அதைப் போட்டால் விரலால் திருப்பலாம்.

ஆனால் அது அகலம் கூடுதல். வண்டியின் அடிச்சட்டமான பழைய சேஸோடு ஒட்டாது. சேஸின் முன்பக்கத்தை அறுத்து வேறு வைக்க வேண்டும். சேஸ் நம்பர் குத்தியிருந்தது சரியாக அந்த இடத்தில்.

"நம்பர அறுத்துப்புட்டா அது எப்படி மாப்ளே அப்பா வண்டி? டயரு வேற மட்கார்டுக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். அவுகளுக்கே அடையாளம் தெரியாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம்பர் போனால் ஆர்டிஓ ஆபீஸில் வண்டியே இல்லை என்றுவிடுவார்கள்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த வசந்தா இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"ஏண்ணே, அப்பா வலது கைய நெஞ்சுக்கு மேல தூக்கி எம்புட்டு நாளாச்சு? அவுகளால இத திருப்ப முடியுமா?"

"நீ வேற ஆத்தா! ஸ்டீயரிங்கப் பிடிச்சா கை தானா வந்துரும்."

மாமா வரப்பில் வழுக்கி விழுந்து தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டதிலிருந்து இடது கையால்தான் தலை சீவுவார். டீ கிளாஸையும் இடது கையால்தான் எடுப்பார். வீட்டில் யாரும் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். பெரியவர்களிடம் "உங்களால முடியுமா" என்று கேட்பது மரியாதைக் குறைவு... எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். கேட்டிருந்தால் ஒரு நிமிஷப் பேச்சு.

பழைய ஆக்ஸிலையே போட்டோம். சேஸில் துருவைச் சுரண்டி, உள்பக்கம் பிளேட் வைத்துப் பலப்படுத்தினேன். நம்பர் இருந்த இடத்தைத் தொடவே இல்லை.

பூஜை தோப்பில் நடந்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், பானெட்டில் மாலை. மாமா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். முன்னால் குனிந்து, அந்த நம்பரைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'பார்த்தீர்களா' என்பதுபோல மச்சான் என்னைப் பார்த்தார்.

மாமா ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். பழங்கள் நசுங்கின. தோப்புப் பாதை நேர் பாதை, ஜோராகப் போனார். மச்சான் டிரைவர் பக்கத்து ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நடந்து போனேன்.

பாதை ரோட்டில் சேரும் இடத்தில் திருப்ப வேண்டும். ஸ்டீயரிங் கொஞ்சம் நகர்ந்தது... நின்றது. மறுபடி இழுத்தார். வண்டியின் மூக்கு பாதி ரோட்டை மறித்துக்கொண்டு நிற்க, எதிரே டவுன் பஸ் ஹாரன் அடித்தது. மச்சான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சேர்ந்து இழுத்தார். அப்பாவும் மகனுமாக எப்படியோ திருப்பி ஓரங்கட்டினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாமா ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, பக்கத்துக் கிளீனர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீயே ஓட்டு."

"இல்லப்பா, வேகம் எடுத்துட்டா லேசாயிரும்..."

"ஏலே முருகேசா, வண்டிய அப்படியே வச்சுருக்க. நாந்தேன் அப்படியே இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மெட்டுக்குப் போனோம். மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மச்சான் எழும்பி எழும்பி இழுத்ததில் சட்டை தெப்பமாக நனைந்துவிட்டது. மாமா வழியெல்லாம் உற்சாகமாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் ஒருமுறைகூட ஸ்டீயரிங் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரமே மச்சான் உத்தமபாளையம் ஓடினார். நம்பரை அறுத்தாலும் பரவாயில்லை என்றார். அந்த ஆக்ஸில் விலை போயிருந்தது. வேறு தேடினோம்... அதற்குள் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டுச் சின்னக் காரில்கூடப் பவர் ஸ்டீயரிங்தான், வசந்தா ஒரு கையால் திருப்பி நிறுத்துகிறாள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி என்று ஒன்று இருந்ததே என் மகனுக்குத் தெரியாது.

மூக்கு லாரி மச்சானிடம்தான் இருக்கிறது. மதுரையில் பழைய வண்டிகளைக் காட்சிக்கு வைத்தால் அதுவும் போகும். பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு அடியில் படுத்தே வீடியோ எடுப்பார்கள்.

"சார், முன் ஆக்ஸில்கூட ஒரிஜினலா? சூப்பர் சார்!"

ஆமாம் என்று நான்தான் பதில் சொல்வேன். மச்சான் அதற்குள் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பியிருப்பார்.