குளிர்பெட்டியில் ஒரு பப்பாளி

மலேசியாவின் கிள்ளான் நகரில் இருந்த பூக்கடையை விட்டு வெளியேறி, அப்பாவும் நானும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். அப்பாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பழுத்துக் குழைந்த பப்பாளி. பத்து வருடம் மாலை கட்டிய கடையிலிருந்து அவர் எடுத்துவந்தது அது ஒன்றைத்தான்.

அந்தப் பழத்தை அங்கே வைத்தவன் நான். எனக்கு ஒன்பது வயது, பள்ளி விடுமுறையில் அப்பாவோடு கடைக்குப் போவேன். அப்பாவுக்குப் பப்பாளி சில்லென்று இருந்தால் பிடிக்கும். பக்கத்து வீட்டு ஆன்டி கொடுத்த பழத்தைப் பூ வைக்கும் குளிர்பெட்டியில், ஆர்க்கிட் மாலைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பிறகு மறந்தும்போனேன்.

மூன்றாம் நாள் கல்யாண வீட்டார் மாலை வாங்க வந்தார்கள். முதலாளி பெட்டியைத் திறந்தார். பூக்கள் சுருண்டு தொங்கின, தொட்டால் உதிர்ந்தன.

"யாருய்யா இதை வச்சது? பழத்துக் காத்து பட்டா பூ வாடிரும்னு உனக்குத் தெரியாதா? பத்து வருசமா என்னா வேலை செஞ்ச?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் அண்ணே. சாப்பிட வச்சேன், மறந்துட்டேன்."

"போயிரு. நாளைக்கு வராத."

நிறுத்தத்தில் உட்கார்ந்து பழத்தைப் பிய்த்துத் தின்றோம்.

"ஏம்பா பொய் சொன்னீங்க?"

"உன் பழம்னா என் பழந்தானே லா. இன்னும் சில்லுனு இருக்கு பாரு."

"பழம் காத்து விடுமா?"

"விடும். உன்ன மாதிரிதான், சத்தமே இல்லாம. பக்கத்துல காய் இருந்தா அதையும் பழுக்க வச்சிரும். பூவுக்குத்தான் ஆகாது. நம்ம வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு உதிர்ந்துரும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். பின்னாளில் நானும் ஏழெட்டு வேலைகளை விட்டு வந்திருக்கிறேன். அவ்வளவு நிதானமாக ஒருநாளும் வந்ததில்லை.

நிறுத்தத்துக்கு வந்த வழியில், எங்கள் கடை இருந்த அதே வரிசையில் இன்னும் நான்கு பூக்கடைகள் இருந்தன. எதிலும் அப்பா நின்று வேலை கேட்கவில்லை. கல்யாண மாலையைக் கெடுத்தவர் என்ற பெயர் நாங்கள் நடப்பதற்கு முன்பே அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறார் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலை பூச்சோங்கில் கார் கழுவும் இடமொன்றில் சேர்ந்தார். நாள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் வேலை. அதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.