கொம்பில்லாத ராணி

எங்கள் வீட்டில் கொம்பில்லாத ஆடு மட்டுமே வளர்ந்ததற்கு வீட்டுக்கார அம்மாவின் ஸ்கூட்டர்தான் காரணம். மைசூரின் ஓரத்தில், ரிங் ரோட்டைத் தாண்டிய புது லேஅவுட் ஒன்றில் அந்தம்மாவுக்கு வரிசையாக ஐந்து வீடுகள் இருந்தன. கடைசி வீட்டில் நாங்கள். தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இருந்த எங்கள் ஊரான கௌதள்ளியிலிருந்து வந்தபோது அப்பா தன் கொத்துக்கரண்டியோடு ஒரு வெள்ளாட்டையும் கொண்டுவந்திருந்தார். வந்த இரண்டாம் வாரமே அது புது ஸ்கூட்டரின் சீட்டைக் கொம்பால் கிழித்துவிட்டது. அந்தம்மா நல்லவர்தான். ஆடே கூடாது என்று சொல்லவில்லை, கொம்பு வைத்த ஆடு கூடாது என்று மட்டும் சொன்னார்.

அப்பா அதை விற்றுவிட்டு ஊரிலிருந்து ஒரு மோழைப் பெட்டையைப் பிடித்துவந்தார். பிறவியிலேயே கொம்பில்லாத ஆட்டை மோழை என்போம். அதோடு விட்டிருக்கலாம். "குட்டியும் மோழையாப் பொறக்கோணும், அப்பத்தான் ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று, ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் வழியில் யாரோ ஒருவரிடம் இருந்த மோழைக் கிடாயைத் தேடிப்போய் ஜோடி சேர்த்துவிட்டு வந்தார். தன்னைப் போல முன்யோசனை உள்ள ஆள் உண்டா என்று ஒரு மாதம் தன்னையே மெச்சிக்கொண்டார்.

பிறந்தது ஒரே குட்டி, பெட்டை. கறுப்பு உடம்பு, வெள்ளைக் காது, வழுவழுவென்று தலை. அரண்மனை ஊருக்கு வந்தாகிவிட்டது, நம் வீட்டிலும் ஒரு ராணி இருக்கட்டுமே என்று நான்தான் பேர் வைத்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா விடிந்ததும் கட்டட வேலைக்குப் போய்விடுவார், அம்மா ஊதுபத்திக் கம்பெனிக்கு. கன்னடம் எனக்கு ஊரிலேயே வரும். ஆனால் எங்கள் ஊர்க் கன்னடத்தைக் கேட்டால் மைசூர் வகுப்பே சிரிக்கும். சிரித்தாலும் பரவாயில்லை, சிரித்துவிட்டு விளையாடக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இடைவேளை முழுக்கக் குழாயடியில் நின்று, தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன். தனியாக நிற்கிறேன் என்று யாருக்கும் தெரியக் கூடாதே.

சாயங்காலம் மட்டும்தான் எனக்கு நாள் விடியும். வீட்டில் ராணி இருப்பாள், அத்தை இருப்பாள். அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி எட்டு வருஷம் ஹனூர்ப் பக்கம் இருந்தவள், ஒருநாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மாமா வேலையா வெளியூரு போயிருக்காரு" என்றாள் அம்மா. எனக்கு ஏக சந்தோஷம். மாமா எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வெளியூரிலேயே இருக்கட்டும் என்று சாமி கும்பிடும்போதுகூட வேண்டிக்கொண்டேன்.

நாங்கள் மூவரும் இன்னும் வீடு கட்டாத காலி சைட்டுகளுக்கு மேயப் போவோம். மேய்ந்தது ராணி, பேசியது நான். அத்தை ‘உம்’ கொட்டுவாள். என் பேச்சுக்கு அந்த ஊரில் ‘உம்’ கொட்டிய ஒரே ஆள் அவள்தான்.

ராணிக்கு ஒரு வயசு தாண்டியும் பருவம் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு. "இதென்ன அம்மிணி, உன்ற ராணிக்குத் தாடி மொளைக்குது?" என்று முதலில் சிரித்தவள் அத்தை. பிறகு கழுத்து தடித்தது, குரல் கரகரத்தது. பெற்ற தாயையே கிடா மாதிரி உதட்டைச் சுழித்துக்கொண்டு துரத்தியது. அதைவிட அந்த வாடை! கிடா வாடை என்றால் அப்படியொரு கிடா வாடை. கொம்புக்குச் சட்டம் போட்ட வீட்டுக்கார அம்மா முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு வந்து நின்றார். தெருப் பிள்ளைகள் ராணியை ‘ராஜா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவும் திரும்பிப் பார்த்துத் தொலைத்தது.

நானும் அத்தையும் ராணியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனோம். அங்கே ஒரு இளவயது டாக்டரம்மா வாலைத் தூக்கிப் பார்த்தார், தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு, தாய்க்கும் கொம்பில்லையா, தகப்பனுக்கும் இல்லையா என்று கன்னடத்தில் கேட்டார். அத்தை தலையாட்டினாள். அதுதான் விஷயம் என்றார் டாக்டரம்மா. இரண்டு பக்கமும் மோழையாக இருந்தால், பிறக்கிற பெட்டைக் குட்டிகள் இப்படி ஆவது உண்டாம். வயிற்றுக்குள் பெண்ணாகத் தொடங்கியது பாதி வழியில் ஆண் பக்கம் திரும்பிவிடுமாம். முழுசாக இதுவும் இல்லை, அதுவும் இல்லை. குட்டி போடாது. மருந்தும் கிடையாது.

"ஆட்டு மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஜோடி சேத்தவங்க மேலதான் தப்பு" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. அதற்கு வலிக்குமா என்று மட்டும் கேட்டாள். வலியெல்லாம் இல்லை, அது பாட்டுக்கு நன்றாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. வரும் வழியெல்லாம் நான் தொணதொணத்தேன். அத்தை ஒரு ‘உம்’கூடக் கொட்டவில்லை. ராணியின் தலைமேல் கையை வைத்தபடியே நடந்தாள்.

விஷயத்தைக் கேட்ட அப்பா, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரரை வரச் சொல்லிவிட்டதாக அறிவித்தார். நான் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. ராணியும் போய்விட்டால் குழாயடியில் நின்று எவ்வளவு தண்ணீர்தான் குடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்காரர் வந்தார். அத்தை அவருக்கு டீ எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் கயிற்றில் கை வைத்ததும் நான் ஓடிப்போய் ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். வாடை குப்பென்று அடித்தது. விடவில்லை.

"விடு கண்ணு, சொன்னாக் கேளு" என்று அம்மா என் கையைப் பிரித்தாள். "குட்டி போடாத ஆட்டை வெச்சு ஆராச்சும் தீனி போடுவாங்களா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ!

"ஏன், அத்தைக்குந்தான் கொழந்தை இல்ல. அதுக்குச் சோறு போட்டு நம்ம ஊட்லயே வெச்சிருக்கோமல்ல? ராணியும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அம்மாவின் கை என்னை விட்டுவிட்டது. அப்பா தரையைப் பார்த்தபடி, "வேண்டாங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றார் கறிக்கடைக்காரரிடம். அத்தை மட்டும் அவரிடம் டீயைக் கொடுத்தாள், குடித்து முடிக்கும்வரை நின்றாள், தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கழுவினாள்.

ஜெயித்துவிட்டேன்! பெரியவர்களின் வாயை அடைக்கிற மாதிரி ஒரு நியாயம் பேசிவிட்டேன். அன்றைக்கு அத்தை எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டாள். அவ்வளவு நிதானமாக, இழுத்து வலிக்காமல், அவள் அதுவரை பின்னியதே இல்லை.

மறுநாளே பெட்டியைக் கட்டினாள். எங்கோ தையல் கம்பெனியில் வேலையாம், தங்குவதற்கும் அங்கேயே இடமாம். அப்பா வாசலை மறித்து நின்றார்.

"அது கொழந்தை. தெரியாமச் சொல்லிப்போட்டுது, அம்மிணி."

"கொழந்தை தப்பா ஒண்ணும் சொல்லலண்ணா" என்றாள் அத்தை. "உள்ளதைத்தான் சொல்லுச்சு."

அத்தையே ஒத்துக்கொண்டாள் பார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ் ஏறும்போது, "ராணியப் பத்தரமாப் பாத்துக்க கண்ணு" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் காலி சைட்டில் நானும் ராணியும் மட்டும் நின்றோம். நான் பேசினேன், பதிலுக்கு ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆடு தப்பித்த சமயம் பார்த்தா இந்த அத்தை போக வேண்டும்? வெகுநேரம் யோசித்துக் கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். பாவம், கிடா வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராணியைக் குழாயடியில் கட்டி, அம்மாவின் சந்தன சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். சோப்பு தீரத்தீர அம்மா திட்டுவாள் என்று பயந்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், திட்டவில்லை. வாடை முழுசாகப் போனதும் அத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன்.