மகளுக்கு அனுப்பிய ஜெல்லி மாத்திரை

கட்டாருக்கு வந்து ஐந்து வருடமாகிவிட்டது. இன்னும் எனக்குப் பழகாத காரியம், வேலைக்குப் போகும்போது கையில் ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு போவதுதான். வெளியே நெருப்பை அள்ளிக் கொட்டுகிற வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடை வாசலுக்கு நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் பல் கிட்டுகிற குளிர். நான் வேலை செய்வது பெரிய மருந்துக்கடை ஒன்றில். மருந்து கெட்டுப்போகக் கூடாதாம், ராப்பகலாக ஏசி ஓடுகிறது. மனிதன் கெட்டுப்போவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதக் காலையில் அப்படி ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் இலங்கை மலையகத்து டயகமவிலிருந்து என் மனைவி புஷ்பா போன் எடுத்தாள். அங்கே காற்றும் மழையும் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருக்க, பதினொரு வயது மகள் பவித்ரா கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டு வியர்வையில் நனைந்து கிடக்கிறாள் என்றாள்.

"ஏங்க, பிள்ளைக்கு என்னமோ சரியில்லைங்க. ரெண்டு தட்டு சோறு திங்கிறா, எலும்பா போறா. கை வேற ஆடுது. டீச்சர் கொப்பிய காட்டுறாங்க, எழுத்தெல்லாம் கோழி கிண்டுன மாதிரி இருக்கு. ஒண்ணு சொன்னா எரிஞ்சு விழுறா."

"வயித்துல பூச்சி இருக்கும். பூச்சி மருந்து வாங்கிக் குடு" என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். நான் மருந்தாளர் இல்லை. பெட்டி உடைத்துத் தட்டில் அடுக்குகிறவன், தூசு துடைக்கிறவன். ஆனால் கடைக்காரர்கள் நீலக் கோட்டு ஒன்றைத் தந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அபாயா போட்ட அம்மாமார் விட்டமின் போத்தலைத் தூக்கிக் காட்டி, இது நல்லதா என்று அரபியில் கேட்பார்கள். நல்லது என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஸைன்' என்ற சொல் மட்டும் எனக்குத் தெரியும். "ஸைன், ஸைன்" என்று தலையாட்டுவேன். "ஷுக்ரன், டக்தூர்" என்று நன்றி சொல்லி எடுத்துப் போவார்கள். முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு, நாசமாய்ப் போக, பிடித்துப்போய்விட்டது.

லயத்திலும் இதே கூத்துதான். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள் ஒட்டிக் கிடக்கிற எங்கள் லயத்தில், வெளிநாட்டு மருந்துக்கடையில் வேலை என்றால் பாதி டொக்டர் என்று அர்த்தம். பக்கத்துக் காம்பரா தங்கம்மா அக்கா முழங்கால் வலிக்கு என்னைத்தான் கேட்பார். நானும் பெட்டிகளில் இருந்த படத்தைப் பார்த்துப் படித்த வைத்தியத்தைச் சொல்வேன். ஊரில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது என் பேச்சை வீட்டு நாய்கூடக் கேட்காது. கடல் தாண்டியதும் என் வாய்க்கு விலை வந்துவிட்டது.

பூச்சி மருந்து கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று பிள்ளை பள்ளிக்கூடப் படியிலேயே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் புஷ்பா கொழுந்து வேலைக்கு லீவு போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தைரொயிட் கூடுதல் என்றார்கள். கழுத்தில் இருக்கிற சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதால் உடம்பு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறதாம். அதைக் கட்டுப்படுத்த மாத்திரை, படபடப்புக்கு ஒரு மாத்திரை, மாதாமாதம் இரத்தம் எடுத்து ரிப்போர்ட்டோடு கிளினிக்குக்கு வர வேண்டும், தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஓடிவர வேண்டும். புஷ்பா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வேளை தவறாமல் கொடுத்தாள். அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அந்த நாட்களில் பவித்ராவின் முடி கொட்டியது. வீடியோவில் பின்னலைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்கப்பா, ரெண்டு சடையும் எலிவால் மாதிரி ஆயிருச்சு. கிளாஸ்ல சிரிக்கிறாங்க." அழுதாள். கடையில் நின்றபடியே பேசிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது அந்தத் தட்டு. இடுப்பு வரை முடி வளர்ந்த வெள்ளைக்காரியின் படம் போட்ட போத்தல், உள்ளே கரடிக்குட்டி மாதிரி சிவப்பு ஜெல்லி. பயோட்டின் விட்டமின். பெரியவர்களுக்கு என்று எழுதியிருந்தது. ஜெல்லிதானே, மிட்டாய் மாதிரிதானே என்று நினைத்தேன். கடையின் மருந்தாளர் தோமஸ் ஆறடி தள்ளி நின்றார். அவரிடம் கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. கேட்கவில்லை. அந்த மாதப் பெட்டியில் சோப்பு, பால்மா, டோர்ச் லைட்டோடு நாலு போத்தலையும் வைத்து அனுப்பிவிட்டு, "தினம் ரெண்டு குடு, சீக்கிரம் வளரட்டும்" என்று புஷ்பாவிடம் சொன்னேன்.

வெளிநாட்டுப் பெட்டி வந்தால் எங்கள் வீடுகளில் முதலில் சாமித் தட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரிப்பார்கள். மற்றதெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் பங்கு போனது. போத்தல் மட்டும் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. காலையில் பிள்ளை திருநீறு பூசிக்கொண்டு ஜெல்லி இரண்டைச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகும். ஆஸ்பத்திரி மாத்திரைகள் மஞ்சள் பையில் கிடந்தன. கிளினிக்குக்குப் போனது மஞ்சள் பை. கொடுக்கிற மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள், புஷ்பாவும் கொண்டுபோனாள். சாமித் தட்டில் இருப்பதை யாராவது மருந்து என்று சொல்வார்களா?

நாலைந்து மாதத்தில் பவித்ரா கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். அப்புறம் ஸ்வெட்டர் கேட்டாள். முகம் உருண்டது, கை ஆட்டம் நின்றது, படுத்தால் எழுப்ப முடியாத தூக்கம். "டொக்டர் தம்பி, உங்க மாத்திர வேல செய்யுது! பிள்ளைக்கு என்னமா சதை போட்டிருச்சு!" என்று தங்கம்மா அக்கா போனைப் பிடுங்கிச் சொன்னார். நான் பூரித்துப்போனேன். ஆனால் இரத்த ரிப்போர்ட் மட்டும் தைரொயிட் இன்னும் கூடுதல் என்றே வந்தது. கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டினார்கள். மறுமாதமும் கூடுதல். மறுபடியும் கூட்டினார்கள். "கூப்பிட்டா திரும்புறதுக்கே நேரமெடுக்குதுங்க. கணக்குல முட்ட வாங்கியிருக்கா. முந்தி வால்தனம் பண்ணவளாச்சேன்னு இருக்கு" என்று புஷ்பா சொன்னபோது, வளர்கிற பிள்ளை அப்படித்தான் என்று அதற்கும் ஒரு வைத்தியம் சொன்னேன்.

லீவில் போய் இறங்கியதும் பார்த்தேன். வழக்கமாகப் பாதை வரை ஓடிவந்து பையைப் பிடுங்குகிறவள், வாசலில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நடந்து வந்து "அப்பா" என்றாள். குரல் கட்டிப்போய், ஒவ்வொரு எழுத்தாக வந்தது. கன்னத்தைத் தொட்டேன், ஜில்லென்று ஊதியிருந்தது. ஐயோ, இது சதையில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பயண அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கிளினிக் நாள். நானும் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்தவன் டொக்டரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? ஒரு சொக்லட் பெட்டியும், டொக்டர் அம்மாவுக்குப் பரிசாக அதே ஜெல்லிப் போத்தல் ஒன்றும் பையில் வைத்திருந்தேன். அவர் பவித்ராவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், திரும்பவும் பிள்ளையைப் பார்த்தார். பேப்பர் ஒன்று சொல்கிறது, பிள்ளையின் உடம்பு வேறொன்று சொல்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு கேட்டார். "வென பெஹெத் தெனவத?" வேறு மருந்து ஏதும் கொடுக்கிறீர்களா என்று.

"நே டொக்டர்", இல்லை என்றாள் புஷ்பா. "நே, நே" என்று நானும் சொன்னேன், மருந்துக்கடையில் வேலை செய்கிறவன் என்பதையும் சேர்த்து. பவித்ராதான் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"சாமித் தட்டுல இருக்கிற ஜெல்லி மட்டும்தான் திங்கிறேன்."

"ஜெல்லி?" என்றார் டொக்டர். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் பரிசுப் போத்தலை எடுத்து நீட்டினேன். இன்னமும் பெருமையோடுதான் நீட்டினேன், கேளுங்கள். அவர் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்கவில்லை, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தார். எத்தனை நாளாக, தினம் எத்தனை என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. இந்த விட்டமின் அளவுக்கு மீறி இரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனைகள் தவறாகக் காட்டும், கூடாத தைரொயிடைக் கூடியதாகக் காட்டும் என்று நிதானமாகச் சிங்களத்தில் விளக்கினார். அந்தப் பேப்பரை நம்பி மாத்திரையைக் கூட்டக் கூட்ட, பிள்ளையின் சுரப்பி அடங்கி, அணைந்தே போயிருக்கிறது. ஜெல்லியை நிறுத்தி, ஒரு வாரம் விட்டு இரத்தம் எடுத்தார்கள். அவர் சொன்னபடியே இருந்தது. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, பிறகு கால்வாசியாகக் குறைத்தார்கள். பிள்ளை பழையபடி வருவாள், மாதங்கள் ஆகும் என்றார்.

ஜெல்லி பிடிபட்ட அன்று திரும்பி வந்த பஸ்ஸில் புஷ்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "உங்க பேச்ச கேட்டேன் பாருங்க, என்னய சொல்லணும்" என்றாள். அவ்வளவுதான். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தேன். அழுகை வரவில்லை, வெட்கம்கூட வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னையே கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மடியில் தூங்குகிற பிள்ளையின் தலை கனத்தது, அது மட்டும் தெரிந்தது.

லீவு முடிந்து இங்கே வந்ததும் தோமஸிடம் சொன்னேன். "இது மருந்துக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாச்சே முருகேசு, நீ என்கிட்ட கேக்கலையே" என்றார் அவருடைய மலையாளத் தமிழில். கேட்கவில்லைதான். பெட்டி அனுப்புவதை நிறுத்தவில்லை. சோப்பு போகிறது, பால்மா போகிறது. விட்டமின் எதுவும் போவதில்லை. புலம்பெயர்ந்த என் சனங்களுக்கும், ஊரில் பெட்டியை எதிர்பார்த்திருக்கிற சனங்களுக்கும் சொல்வதற்கு என்னிடம் இருப்பது இதுதான்: டொக்டர் கேட்டால் மிட்டாயையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் இல்லாத குறையைப் போத்தலில் அடைத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தவன் நான்.

போன மாதம் பவித்ரா போன் எடுத்தாள். குரல் தெளிந்துவிட்டது, பேச்சில் பழைய துடுக்கு.

"அப்பா, விளையாட்டுப் போட்டியில இருநூறு மீட்டர்ல பேர் குடுக்கவா?"

"டொக்டர் என்ன சொன்னாங்க?"

"ஓடலாம்னுட்டாங்க."

"பிறகென்ன? என்கிட்ட எதுக்குக் கேக்குற?"

"டொக்டர் சொல்லிட்டாங்க. நீங்க சொல்லுங்க."

என் வாயால் இன்னொரு வார்த்தை அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் போக வேண்டுமா என்று பயமாக இருந்தது. அவளோ போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். "ஓடு" என்றேன்.

போட்டியன்று காலை புஷ்பா மைதானத்திலிருந்து வீடியோ கோல் எடுத்தாள். நான் ஸ்வெட்டரோடு ஸ்டோர் அறையில் பெட்டிகளுக்கு நடுவே நின்று பார்த்தேன். விசில் ஊதியது. பிள்ளைகள் கிளம்பினார்கள். பவித்ராவின் சடை இரண்டும் மேலே எழும்பின, ஒரு கால் தரையை விட்டு உயர்ந்தது. அப்படியே படம் நின்றுவிட்டது. டயகமவில் பனி இறங்கினால் சிக்னல் அவ்வளவுதான். நான் அந்தத் தூக்கிய காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விழுந்தாளா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளா என்று கேட்க யாருமில்லை. வெளியே சூப்பர்வைசர் என் பெயரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது.

"நாலாவதா வந்தேன்ப்பா. நெஞ்சு படபடக்கவே இல்ல. நீங்க பாத்தீங்கல்ல?"

பார்த்தேன் என்று எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த பெட்டியை உடைத்தேன்.